பதில்

கச்சான் சுற்றி வந்த கடதாசி அது.
தொண்ணூறாம் ஆண்டு மார்கழி, ஆஸ்பத்திரி வாசல்.
எண்ணெய் ஊறிய ஒரு மூலையைத் தவிர
மற்ற இடமெல்லாம் வலமிருந்து இடமாக எழுத்து.
வேதமாயிருக்குமோ என்று பயந்து எறியவில்லை.
கோதைக் கொட்டிவிட்டு
மருந்துப் பதிவேட்டுக்குள் வைத்தேன்.

பதிவேட்டில் அந்த நாட்களில் என் கையெழுத்து:
கோஸ் துணி இல்லை. பதில், அவித்த வேட்டி.
மின்சாரம் இல்லை. இன்சுலினை
மண்பானையில், ஈரமணலுக்குள்.
ஸ்பிரிட் இல்லை. பதில், சாராயம், இன்னொருமுறை வடித்தது.
மயக்க மருந்து இல்லை. பதில்,
காலுக்கு இருவர், தலைக்கு ஒருவர்.

தொண்ணூற்றைந்தில் அது என்னோடு
சாவகச்சேரிக்கு நடந்தது, மழையில்.
திரும்பியும் வந்தது.

பாதை திறந்த பிறகு ஜெஸீமா வந்தாள்,
புத்தளத்து கிளினிக் துண்டோடு, பிரஷர் குளிசைக்கு.
சோனகத் தெருவில் யூனானிக் கடை வைத்திருந்த
நெய்னா மரைக்கார் ஹக்கீமின் மகள்.
யன்னலுக்கூடாகக் கடதாசியை நீட்டினேன்.
பார்த்தாள். சிரித்தாள்.
"ஓதுறது இல்லை மிஸ். இது தமிழ்."

அரபு எழுத்தில் தமிழ்.
அவள் விரல் இடப்பக்கம் போகப் போக
என் மொழி மற்ற வாசலால் உள்ளே வந்தது:

குங்குமப்பூ கிடையாவிட்டால் பதில் கோட்டம், சம எடை.
பேரீச்சம்பாகு கிடையாவிட்டால் பதில் பனம்பாணி, முக்கால் எடை.
பன்னீர் கிடையாவிட்டால் பதில் தாழம்பூ நீர்,
வாசம் கூட, பார்த்து ஊற்றவும்.

"பதல்," என்றாள். "அரபுச் சொல்லு.
ஒரு மருந்துக்கு நிக்கிற மற்ற மருந்து.
வாப்பா இதுக்கெண்டே ஒரு கொப்பி வச்சிருந்தார்."

பக்தாதில் ஒருவன் தொடங்கியிருப்பான்,
தொள்ளாயிரம் வருடமிருக்கும்.
பகலில் சந்தைக் கண்காணி வந்து
அவன் மிஸ்கால் படிகளை நிறுத்துப் பார்த்து
அபினை நாக்கில் தொட்டுக்
கலப்பில்லை என்று முகம் சுளித்துப் போனபின்,
இரவில், விளக்கடியில், அவனுக்கு வேறு கவலை.
கப்பலேறும் வைத்தியனுக்கு
நடுவழியில் சரக்குத் தீர்ந்தால்?

ஏடனில் ஒருவன் பிரதி எடுத்தான்,
தன் ஊரில் முளைக்காததை அடித்தான்.
கொல்லத்தில் ஒருவன் மிளகைச் சேர்த்தான்.
காயலில் ஒருவன் எழுத்தை அப்படியே வைத்து
மொழியை மாற்றினான்.
இங்கே யாரோ, பனையைப் பார்த்துக்கொண்டு,
பாணியை எழுதினான்.
பக்தாதுக்காரனின் சரக்கில் எது மிஞ்சியது?
ஒரு சொல்.
அதைத்தான் நான் கோஸ் துணிக்கும் சாராயத்துக்கும் நடுவில்
சுத்தத் தமிழென்று எழுதிக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் மூலையில் இன்னொரு வரி இருந்தது.
"... கிடையாவிட்டால் பதில் இல்லை."
என்ன கிடையாவிட்டால்?
வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
பெயரைக் கச்சான் தின்றுவிட்டது.

வரிசையில் யாரோ இருமினார்கள்.
அவள் புத்தளத்தில் விழுங்கியது வெள்ளைக் குளிசை,
என்னிடம் இருந்தது மஞ்சள்.
"பேர்தான் வேற, மருந்து ஒண்டு," என்றேன்.
தட்டில் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளினேன்.

"அண்டைக்கு ஸ்பீக்கர்ல சொல்லேக்க,
இரண்டு மணித்தியாலத்தில வெளிக்கிடச் சொல்லேக்க,
மிஸ் நீங்க டியூட்டியோ?"

கோபமாய்க் கேட்கவில்லை.
கடதாசி அவள் கையிலேயே இருந்தது,
நாலாய் மடித்து.

முப்பத்தைந்து. நாற்பது.
நாற்பதுதானா?
எல்லாவற்றையும் திரும்ப ஒன்றாய் இழுத்து,
ஐந்து, என்று தொடங்கினேன்.